ஏழு நாளுக்குள்

தேர்தல் முடிந்து ஏழு நாளுக்குள்
கம்பங்களிலிருந்து முகத்தை இறக்கிவிட வேண்டும்;
தவறினால் முகத்துக்கு இவ்வளவு என்று அபராதம்.
இன்று ஆறாவது நாள்.
ஏணியைப் பிடித்துக்கொள்ள வீஸ்வாவ் வந்திருக்கிறார்.
மழை, வழக்கம்போல, பக்கவாட்டில் பெய்கிறது.

அறுபத்திரண்டு நான்.
ரவுண்டானாவில் நான், மருந்துக்கடை வாசலில் நான்,
ஏழு பத்துப் பேருந்து நிற்காமல் போகும் நிறுத்தத்தில்
நிற்பவர்களோடு நின்ற நான்.
பல்லில் எவனோ கரி பூசிய நான்.
இடுக்கி பிளாஸ்டிக் பட்டையைக் கடிக்கும்போதெல்லாம்
'டிக்' என்று ஒரு சத்தம்;
டெர்வ்லா ஹான்ரட்டி இறங்கி
என் கக்கத்துக்குள் வருகிறாள்.

மூன்று மாதம் கதவு தட்டினேன்.
ராஸ்கெல்லனுக்கு ஐந்து வருடத்தில் எண்ணூறு வீடு வந்தது,
கழிவுநீர்க் குழாய் மட்டும் பழைய குழாய்.
பெருமழைக்கு மறுநாள் கடற்கரையில் சிவப்புப் பலகை:
குளிக்காதீர்கள்.
நான் சொன்னது இரண்டே சொல்:
முதலில் குழாய்.

'கடல்நோக்கு' குடியிருப்பில்
எந்த ஜன்னலிலிருந்தும் கடல் தெரியாது.
குளியல் அங்கியோடு கதவைத் திறந்த ஒருவர்
நாற்றம் பற்றி நாற்பது நிமிடம் பேசிவிட்டு
'என் ஓட்டு இன்னும் டப்ளினில்தான் இருக்கிறது' என்றார்.
துறைமுகத் தெருவில்
'நீ வந்தேறிதானே' என்றார் ஓர் இறால்காரர்.
பதினெட்டு வருடமாயிற்று என்றேன்.
'அதைத்தான் சொல்கிறேன்' என்றார்.
ஒரு நாய் துண்டறிக்கையை மட்டும் தின்றது.

வீஸ்வாவ் நம்பவேயில்லை.
பாஸ்போர்ட் வேறு நாட்டுடையது,
உள்ளாட்சிக்கு எப்படி ஓட்டு?
குடியிருந்தால் போதும் என்றேன்.
பன்னிரண்டு வருடமாய்
சரியான கிழமையில் குப்பைத்தொட்டியை வெளியே வைப்பது
குடியிருப்பது என்றால், குடியிருக்கிறேன் என்றார்.
அன்று காலை வரிசையில் முதல் ஆள்,
இஸ்திரி போட்ட சட்டையில்.

எண்ணிக்கை கூடைப்பந்து அரங்கில்.
தடுப்பின்மேல் சாய்ந்து பென்சிலால் கோடு போட்டவர்கள்
பெட்டி திறந்த அரை மணியில் என் கதையை முடித்தார்கள்;
அதிகாரிகளுக்கு அது இரவு ஒன்பதரைக்குத்தான் தெரிந்தது.
ஐந்தாம் சுற்றில் வெளியேற்றம்.
நானூற்றுப் பதினேழு.

இங்கே தோற்றவளின் ஓட்டு சாவதில்லை.
அடுத்த எண்ணைப் பார்த்து
கட்டுக் கட்டாக வேறு மேஜைக்கு நடந்துபோகும்.
நூற்றறுபது போனது கட்டடக்காரரிடம்,
அந்த எண்ணூறு வீட்டைக் கட்டியவரிடம்.
எனக்கு ஒன்று, அவருக்கு இரண்டு:
எந்த வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு
யார் இப்படி நினைத்தார்கள்?
ஒருவேளை இரண்டையும் உண்மையாகவே கேட்டார்களோ,
வீடும் வேண்டும், குழாயும் வேண்டும் என்று.
அதில் பைத்தியக்காரத்தனம் ஒன்றுமில்லை.
என் வீட்டைக் கட்டியதும் அவர்தான்.

செல்லாத ஓட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினார்கள்.
எண் எதுவும் இல்லை.
என் பெயருக்கு எதிரே, கட்டத்துக்குள் அடங்காமல்,
'முதலில் குழாய்' என்று எழுதியிருந்தது.
அவர்கள் சொல்லும் முன் நானே சொன்னேன்:
செல்லாது.

கோழிக்கூட்டுக் கூரைக்கு
எட்டு அட்டை கேட்டிருக்கிறார் வீஸ்வாவ்.
முகம் உள்பக்கமா, வெளிப்பக்கமா என்கிறார்.
உள்பக்கம் என்கிறேன்.
கோழிகளாவது நிமிர்ந்து பார்க்கட்டும்.

கடைசிக் கம்பம் கடற்கரையில்.
கீழே சிவப்புப் பலகை, மேலே நான்.
மேலே இருப்பதை மட்டும் அவிழ்க்கச் சொல்கிறது சட்டம்.

ஃபோன் அடிக்கிறது. ஈரக் கையால் எடுக்கிறேன்.
'குழாய் பற்றிப் பேசினது நீங்கதானே?
எங்க வாசல்ல மூடியைத் தூக்கிக்கிட்டு வருது.'
நான் தோற்றுவிட்டேனே என்கிறேன்.
'அப்படியா' என்கிறது குரல்.
'பதினாலாம் நம்பர் வீடு.
பக்கவாட்டு கேட் திறந்துதான் இருக்கும்.'